மைக் செட்காரர் மகளின் ஆங்கிலம்

1

போன மாதம் என் மனைவி மலர்க்கொடிக்குக் குடியுரிமை நேர்காணல் நடந்தது. நான் வெளியே உட்கார்ந்து சுவரில் இருந்த கொடியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"பாஸா?"

"பாஸ்தான் மாமா. அந்த ஆபீசர் நல்ல மனுஷன். இங்கிலீஷ எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டாரு."

"ஸ்கூல்லன்னு சொன்னியா?"

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்? அரசியல் கூட்டத்துலன்னு சொன்னேன்."

குடியுரிமை விண்ணப்பத்தில், எந்தக் கட்சியோடு, எந்தச் சங்கத்தோடு தொடர்பு வைத்திருந்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டிருப்பார்கள். 'எதுவும் இல்லை' என்று நான்தான் பொறுமையாகக் கட்டம் கட்டமாக டிக் அடித்துக் கொடுத்திருந்தேன்.

"எந்தக் கட்சின்னு கேட்டிருப்பாரே?"

"கேட்டாரு. எல்லாக் கட்சியும்னு சொன்னேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவளை நிமிர்ந்து பார்த்தாராம். அப்புறம் இவள், தன் அப்பா மைக் செட் வைத்திருந்தார், எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போய்க் கட்டுவார், தானும் கூடவே போய் உட்கார்ந்து கேட்பது வழக்கம் என்று விளக்கியிருக்கிறாள். அந்த மனிதர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம்.

கார் ஓட்டிக்கொண்டு வரும்போது ஒன்று தோன்றியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவளுடைய ஆங்கிலத்தைப் பற்றி நண்பர்களிடம் நான் நிறையப் பேசியிருக்கிறேன். எல்லாமே கிண்டல். பெருமையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

என் மாமனாரின் கடை கடலூர் செம்மண்டலத்தில், வீட்டின் முன்பக்கத்தில் இருந்தது. குழாய் ஸ்பீக்கர் நாலு, ஆம்ப்ளிஃபயர் ரெண்டு, ஒயர் சுருள்கள், ஒரு டேப் ரெக்கார்டர். காலையில் ஒரு கட்சிக்குக் கட்டிய அதே மைக்கை மாலையில் எதிர்க்கட்சிக்குக் கட்டுவார். இருவரும் அதே மைக்கில் ஒருவரையொருவர் திட்டுவார்கள். மாமனாருக்கு ஒரே கவலை, சவுண்டு கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்கிறதா என்பதுதான். என்ன பேசினார்கள் என்று கேட்டால், "பேசினாங்க, பேசினாங்க" என்பார்.

கூட்டங்களை கேசட்டில் பதிந்து கட்சிக்காரர்களுக்குக் கொடுப்பது வழக்கம். ஒவ்வொரு கேசட்டின் மேலும் யார் பேசியது, எந்த ஊர் என்று எழுதி ஒட்டும் வேலை மலருடையது. தமிழ் வழிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் என்றால் தேர்வுக்கு முந்தின நாள் மனப்பாடம் செய்து, மறுநாள் கக்கிவிட்டு வரும் சமாச்சாரம்.

அப்போது வடக்கேயிருந்து தலைவர்கள் வருவார்கள். கடலூரில் ஒரு கூட்டம், சிதம்பரத்தில் ஒரு கூட்டம் என்று ஒரே நாளில் முடித்துக்கொண்டு போவார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் ஒரு வரி பேச, பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரர் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். மலருக்குப் பொறி தட்டியது இங்கேதான். ஒரு வரி ஆங்கிலம், உடனே அதற்கு அர்த்தம். இப்படி ஒரு வாத்தியார் எங்கே கிடைப்பார்? நாற்பது பக்க நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் காதில் விழுந்த ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலும், வலது பக்கம் அதன் தமிழையும் எழுத ஆரம்பித்தாள்.

கண்டெம்: வன்மையாகக் கண்டிக்கிறோம். வாக் அவுட்: வெளிநடப்பு. அட்ஜர்ன்: ஒத்திவைப்பு. டேபிள்: தாக்கல் செய்தல். ஸ்டெப் மதர்லி ட்ரீட்மென்ட்: மாற்றாந்தாய் மனப்பான்மை. புரியாத இடத்தில் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்பாளாம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் சும்மா மொழிபெயர்க்க மாட்டார்கள். மைக் கையில் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த நோட்டில் ஒரு வரியை நானே பார்த்திருக்கிறேன். 'ஃப்ரெண்ட்ஸ்: வாக்காளப் பெருங்குடி மக்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணிகப் பெருமக்களே.' அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று ரொம்ப நாள் நம்பியிருக்கிறாள்.

3

நான் சிதம்பரம். அங்கேயே பொறியியல் படித்தவன், இங்கிலீஷ் மீடியம், இலக்கணத்தில் புலி. பேச வேண்டும் என்றால் மட்டும் பூனை. பெண் பார்க்கச் செம்மண்டலம் போனபோது என் பெரிய மாமா, "பையன் அமெரிக்கா போவப் போறான். பொண்ணுக்கு இங்கிலீஷ் வருமா?" என்று கேட்டார். கையில் காபித் தட்டோடு நின்றவள் நேராக அவரைப் பார்த்து, "ஐ வில் லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்ட்" என்றாள்.

என் அம்மா என் காதருகே, "இன்னாடா கல்லுங்குது இந்தப் பொண்ணு?" என்றாள்.

"முயற்சியில ஒரு கொறையும் வைக்க மாட்டேன்னு சொல்லுது" என்றேன். சொல்லும்போதே எனக்கு இவளைப் பிடித்துவிட்டது.

கல்யாணத்துக்கு அப்புறம் அவள் சொல்லித்தான் தேவனாம்பட்டினம் கதை எனக்குத் தெரியும். சுனாமி வந்து போன சில வாரங்களில், பார்வையிட வந்த ஒரு பெரிய தலைவர் அங்கே பேசினார். மாமனார்தான் மைக். மலர் அப்போது கல்லூரி மாணவி. வீட்டையும் படகையும் இழந்த பெண்களுக்கு நடுவே மணலில் உட்கார்ந்திருக்கிறாள். தலைவர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, மொழிபெயர்த்தவர் "அனைவருக்கும் வீடு கட்டித் தருவோம்" என்று முழங்கினார். கைதட்டல். பக்கத்தில் இருந்த ஒரு பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தரேன்னு சொல்லிட்டாரும்மா" என்று அழுதிருக்கிறாள்.

ஆனால் தலைவர் சொன்னது 'கன்சிடர்'. மலரின் நோட்டில் அதற்கு நேரே 'பரிசீலிப்போம்' என்று இருக்கிறது.

"அவரு தரேன்னு சொல்லலக்கா. யோசிச்சுப் பாக்கறேன்னுதான் சொல்றாரு. நீங்க மனுவ எழுதிக் குடுத்துட்டு, வாங்கிக்கிட்டோம்னு கையெழுத்து கேட்டு வாங்கிக்கங்க" என்று சொல்லியிருக்கிறாள். அங்கேயே தன் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து ஏழெட்டுப் பேருக்கு மனு எழுதியும் கொடுத்திருக்கிறாள். இதை என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள். நானாக இருந்தால் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டிவிட்டு வந்திருப்பேன்.

4

ஒஹாயோவில் ஒரு சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தோம். இங்கே மலரின் ஆங்கிலம் அவிழ்த்துவிட்ட காளையாகக் கிளம்பியது. வந்த முதல் குளிர்காலத்தில் வீட்டில் வெந்நீர் வரவில்லை. அடுக்ககத்து அலுவலகத்துக்குத் தொலைபேசியில், எங்கள் பிளாக்கை நீங்கள் ஸ்டெப் மதர்லி ட்ரீட்மென்ட் செய்கிறீர்கள், அதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் பேசினாள். போனை எடுத்த பெண், "உங்கள் மாற்றாந்தாயும் உங்களோடுதான் தங்கியிருக்கிறாரா? குத்தகைப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லையே" என்று கேட்டாள். வெந்நீர் என்னவோ அன்றே வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. எங்கள் மகள் இனியாவுக்கு வளர வளர அது அவமானமாக ஆனது. இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தமிழில் கேட்டால் பாதி நேரம் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பள்ளிக்கு அம்மா வருகிறாள் என்றால் ஜாக்கெட்டின் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொள்வாள். "அம்மா டிவி நியூஸ் மாதிரி பேசறா, அப்பா. நீ வா" என்பாள். நான் போவேன். போய், "ஓகே, ஓகே, தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு வருவேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

மலருக்கு இதெல்லாம் தெரியும். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை பார்க்கிறாள். அங்கே கூடத்தில் நாள் முழுக்க டிவியில் அரசியல் விவாதம் ஓடும். மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் தாத்தாக்களோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு, புதிய சொற்களோடு வீட்டுக்கு வருவாள்.

5

போன வருஷம் இலையுதிர் காலத்தில் பள்ளி நிர்வாகம் ஒரு மாற்றம் செய்தது. அதுவரை எங்கள் அடுக்ககத்தின் உள்ளே வந்துகொண்டிருந்த பள்ளிப் பேருந்து இனி வராது என்றார்கள். பிள்ளைகள் நாலுவழிச் சாலையைக் கடந்து, எதிரே பெட்ரோல் பங்க் அருகே போய் ஏற வேண்டும். அந்த இடத்தில் சிக்னல் கிடையாது. லாரிகள் மெதுவாகப் போகிற சாலையும் இல்லை. இனியாவோடு பதினொரு பிள்ளைகள். ஆகச் சின்னவள் லூசியா, ஆறு வயது. அவள் அம்மாவுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு தெரியாது, விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவாள்.

மலர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். தெலுங்குக் குடும்பம், குஜராத்திக் குடும்பம், லூசியாவின் அம்மா, எல்லோரும் போட்டார்கள். மனு பள்ளிக் குழுவின் மாதக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் ஏறியது. பேச மூன்று நிமிடம். எவ்வளவு நேரம் மீதி என்று காட்ட மேசை மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு வைத்திருந்தார்கள்.

மனுவை எழுதித் தந்தது நான்தான். கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னபோது, "நீயே பேசு மலர்" என்றேன். பயம் என்று சொல்லிக்கொள்ளவில்லை, தொண்டை சரியில்லை என்றேன்.

நன்றாகத்தான் பேசினாள். லாரிகளைச் சொன்னாள், லூசியாவின் வயதைச் சொன்னாள். பேச்சை முடிக்கும்போது, நோட்டிலிருந்து பொறுக்கி வைத்திருந்த ஒரு ஆங்கில வாக்கியத்தைக் கம்பீரமாகச் சொன்னாள். "இந்த மாண்புமிகு குழு எங்கள் மனுவை இன்றே டேபிள் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "டேபிள் செய்யவா?" என்று தலைவர் கேட்டார். "எஸ் சார், இன்றே" என்றாள் மலர். கண்ணாடி போட்ட ஒரு பெண் உறுப்பினர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், எல்லோரும் சம்மதம் என்பதற்கு "ஐ" என்றார்கள். சுத்தியல் டொக்கென்று விழுந்தது. நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். நான்தான் முதலில் தட்டினேன். வரும் வழியில் எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

இனியா மட்டும் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள். "அம்மா, அமெரிக்கால டேபிள்னா விவாதத்துக்கு வைக்கறது இல்ல. இப்போ வேணாம், தள்ளி வைன்னு அர்த்தம். நீதான் தள்ளி வைக்கச் சொன்ன. அவங்க வெச்சிட்டாங்க."

நம் ஊரில் மசோதாவை டேபிள் செய்தால் தாக்கல். இங்கே அதே சொல் ஒத்திவைப்பு. மலர் கையிலிருந்த ஐஸ்கிரீமை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டாள். மூன்று நிமிடம் கேட்டு வாங்கி, தன் மனுவைத் தானே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்திருந்தாள். இங்கிலீஷ் மீடியப் புலியும் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டியிருந்தது.

6

நாலு நாள் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள் அப்பாவுக்கு போன் போட்டாள்.

"ஒரே வார்த்தைல கவுந்துட்டேம்ப்பா. எல்லாப் புள்ளைங்களுக்கும் கெடுத்துட்டேன்."

"சவுண்டு நல்லா கேட்டுச்சா?" என்றார் மாமனார்.

"அதெல்லாம் நல்லா கேட்டுச்சு."

"அப்ப இன்னா? அடுத்த கூட்டத்துல மாத்திப் பேசு. நம்ம மைக்குல மாத்திப் பேசாத ஆளா?"

முதல் தடவையாகச் சிரித்தாள்.

அதற்கு அடுத்த வாரம் பனி கொட்டியது. சாலையைக் கடக்கும்போது லூசியா வழுக்கி விழுந்தாள். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. இனியா அவளுடைய பள்ளிப் பையின் வாரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, "கொஞ்சம்தான் மிஸ்ஸு" என்று மட்டும் சொன்னாள். பிறகு நனைந்த காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். மலர் குனிந்து அதைக் கழற்றிவிட்டாள்.

அன்றிலிருந்து மலர் அமெரிக்க ஊர்களின் குழுக் கூட்டங்களை போனில் பார்க்க ஆரம்பித்தாள். உலகத்திலேயே இதைவிடச் சலிப்பான காட்சி கிடையாது. சாக்கடைக் குழாய்க்கு வாக்கெடுப்பு, நாய்ப் பூங்காவுக்கு வாக்கெடுப்பு. எல்லாவற்றையும் பார்த்தாள். புதிய நோட்டில் மறுபடியும் நடுவே கோடு போட்டாள். மூன்றாவது வாரம் சமையலறையிலிருந்து கத்தினாள். "கெடச்சிடுச்சு மாமா! டேக் ஃப்ரம் த டேபிள்! தள்ளி வச்சத திரும்ப எடுக்கறதுக்கும் ஒரு வார்த்த வச்சிருக்கானுங்க!"

பேச்சை ஒத்திகை பார்த்தபோது இனியா எதிரே உட்கார்ந்து நேரம் பார்த்தாள். நாங்கள் யாரும் கேட்கவில்லை, தானாகவே வந்தாள். "மூணு நிமிஷம் பத்து செகண்ட். மாண்புமிகுவ கட் பண்ணும்மா" என்றாள். மாண்புமிகு போனது.

7

அடுத்த கூட்டத்தில் மலர் பேசியது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"போன முறை நான் ஒரு தவறு செய்தேன். நான் வந்த ஊரில் மனுவை டேபிள் செய்வது என்றால் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வைப்பது. இங்கே அது தள்ளி வைப்பது என்று பிறகுதான் தெரிந்தது. தவறு என் சொல்லில் இருந்தது. அதற்குப் பிள்ளைகள் பனியில் சாலையைக் கடக்கிறார்கள். ஒரு ஆறு வயதுக் குழந்தை லாரிக்கு முன்னால் விழுந்தாள். என் மகள் இழுத்ததால் பிழைத்தாள். அந்த மனுவைத் திரும்ப எடுக்க நான் தீர்மானம் கொண்டுவர முடியாது, உங்கள் விதி அப்படி. உங்களில் ஒருவர்தான் கொண்டுவர வேண்டும். பரிசீலிக்கிறோம் என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். வாக்கெடுப்பு நடத்துங்கள்."

தலைவர் "நன்றி, நீங்கள் உட்காரலாம்" என்றார்.

மலர் விளக்கைப் பார்த்தாள். இன்னும் பச்சையாக இருந்தது. "எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. நிற்கிறேன்" என்றாள்.

நின்றாள். வேறு ஒரு சொல் இல்லை. மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். விளக்கு மஞ்சளானது. ஒரு உறுப்பினர் காகிதத்தைப் புரட்டினார், இன்னொருவர் தண்ணீர் குடித்தார். இத்தனை பேர் ஒரு பெண்ணின் மௌனத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததில்லை. ஓரத்தில் இருந்த வயதான உறுப்பினர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அந்தத் தீர்மானத்தைச் சொன்னார். வழிமொழிய ஆள் வேண்டும். கடைசியில், போன முறை தள்ளி வைக்க முன்மொழிந்த அதே கண்ணாடிக்காரப் பெண் "வழிமொழிகிறேன்" என்றார். விளக்கு சிவப்பானபோது வாக்கெடுப்பு தொடங்கியிருந்தது.

மனுவைத் திரும்ப எடுத்தார்கள், பேருந்தை உள்ளே விடவும் வாக்களித்தார்கள். நாங்கள் ஜெயித்தோம். இந்தத் தடவை கைதட்டுவதற்கு முன்னால் இனியாவைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். அப்புறம்தான் தட்டினேன். தொப்பி அவள் தலையில் இல்லை.

எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை. என்ன தைரியம், என்ன ராஜதந்திரம்! மீதி நேரத்தைச் சும்மா நின்றே ஆயுதமாக்கிவிட்டாள் என்று தொலைபேசியில் எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தேன்.

8

அடுத்த வாரம் திங்கட்கிழமை காலையில் பேருந்து அடுக்ககத்துக்குள் வந்தது. நானும் மலரும் வாசலில் நின்று பார்த்தோம். லூசியா துள்ளிக் குதித்துக்கொண்டு போய் முதல் ஆளாக ஏறினாள். கடைசியாக இனியா ஏறினாள். கதவு மூடிக்கொண்டது.

பேருந்து திருப்பத்தில் மறைந்ததும் மலர் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். நான் பயந்துபோய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"அதான் ஜெயிச்சிட்டியே, இப்ப எதுக்கு அழுவற? அன்னிக்கு எப்படி நின்ன! அந்த ஒரு நிமிஷம் நின்ன பாரு..."

"கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடிச்சு மாமா" என்றாள். "நாற்காலி வரைக்கும் நடந்து போவ முடியாதுன்னுதான் அங்கேயே நின்னேன்."